உரைமருந்து கொடுக்கலாமா?

அன்புள்ள கோபாலா,

பேத்தி சாயங்காலமானால் வீறிட்டு அழுகிறாள், சம்பந்தியம்மா உரைமருந்துக் கல்லை எடுத்து வைத்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். ஐந்து வாரந்தானே ஆகிறது? இந்த அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும். மூன்று, நான்கு மாதத்தில் தானாக அடங்கும். அதற்குள் எதைக் கொடுத்திருந்தாலும் 'மருந்து கேட்டுவிட்டது' என்றுதான் தோன்றும்.

கல்லில் உரைக்கும் பொருள்களில் கடுக்காய், சுக்கை விடு. எனக்குப் பயம் வசம்பும் ஜாதிக்காயும்தான். பிள்ளை வளர்ப்பான் என்று பேர் வாங்கிய வசம்பில் பீட்டா-அசரோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. எலிகளுக்குப் புற்றுநோய் வந்ததைப் பார்த்து, வசம்பை உணவில் சேர்க்க அமெரிக்கா 1968-லேயே தடை போட்டது. விளக்கில் சுட்டபின் எவ்வளவு மிஞ்சுகிறது என்று வீட்டில் யார் அளப்பது? ஜாதிக்காய் கூடினால் குழந்தை மயங்கித் தூங்கும். வலி தீர்ந்தது என்று நாம் நினைத்துக்கொள்வோம். 'இரண்டு உரசு' என்பது கைக்குக் கை, கல்லுக்குக் கல் மாறும். நாலு கிலோ உடம்புக்கு அது பெரிய வித்தியாசம்.

சோம்புக்குக் கொஞ்சம் சான்று உண்டு. 2003-இல் வெளியான ரஷ்யச் சோதனையில், 0.1 சதவீத சோம்பு எண்ணெய்க் கலவை குடித்த குழந்தைகளில் 65 சதவீதம் பேருக்கு அழுகை அடங்கியது; ஒப்பிட்டுப் பார்க்க சோம்பு எண்ணெய் சேர்க்காத வெற்று மருந்து குடித்தவர்களில் சுமார் 24 சதவீதம். ஆனால் அது அளந்து தயாரித்த கலவை, நம் அடுப்படிக் கஷாயம் அல்ல. 1993-இல் இஸ்ரேலில் மூலிகைத் தேநீர் கொடுத்துப் பார்த்தார்கள், அதுவும் ஓரளவு கேட்டது. ஆனால் வேளைக்கு 150 மி.லி. வரை! அவ்வளவு தண்ணீர் உள்ளே போனால் பாலுக்கு எங்கே இடம்? ஓமத்தண்ணீரிலும் இதே சிக்கல்.

பெருங்காயத்தைத் தொப்புளைச் சுற்றிப் பூசுவதோடு நிறுத்தச் சொல், வாயில் வேண்டாம். அதைக் குடித்த ஐந்து வாரக் குழந்தைக்கு ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போனதாக 1984-இல் பதிவாகியிருக்கிறது. எதையும் தேனில் குழைக்கவே கூடாது. பாட்டுலிசம் என்ற, நரம்பை முடக்கும் நோயைத் தரும் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம், ஒரு வயதுவரை தேனே கூடாது.

பால் குடித்ததும் தோளில் நிமிர்த்திப் போட்டு ஏப்பம் எடுக்கட்டும். அழும்போது முன்னங்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாங்கிக்கொண்டு நடக்கலாம். தூங்கவைப்பது மட்டும் மல்லாத்தித்தான்.

பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், வயிறு உப்பி இறுகுவது, 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது: இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இல்லையென்றால், எத்தனை மணிக்குத் தொடங்கி எவ்வளவு நேரம் அழுகிறாள் என்று மூன்று நாள் குறித்து எனக்கு எழுது.

அன்புடன்,
ராமு