டியூட்டிக்குள் பதினைந்து நிமிடம் கொடுங்கள்: அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போக்குவரத்துத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், தமிழ்நாட்டின் எட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் மேலாண் இயக்குநர்களுக்கும், தொழிற்சங்க நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

வண்டி ஓட்டும்போதே நெஞ்சுவலி வந்து, பேருந்தை ஓரங்கட்டி நிறுத்திப் பயணிகளைக் காப்பாற்றிவிட்டு உயிரை விட்ட ஓட்டுநர் என்று அவ்வப்போது நாளிதழில் செய்தி வருகிறது. கடமையுணர்வைப் பாராட்டுகிறோம். இரங்கல் தெரிவிக்கிறோம். வாரிசு வேலைக்கு மனு போகிறது. மறுநாள் அதே தடத்தில், அதே இருக்கையில் வேறொருவர் உட்காருகிறார். நான் எழுத வந்தது அந்த இருக்கையில் கழியும் மணிநேரங்களையும், அவற்றுக்கு நடுவே உடற்பயிற்சிக்குக் கிடைக்க வேண்டிய பதினைந்து நிமிடத்தையும் பற்றி.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். பேருந்து நிலையம் பக்கத்திலேயே என்பதால் காக்கிச் சட்டையோடு வருபவர்கள் அதிகம். டவுன் பஸ் ஓட்டுநர் என்றால் பெரும்பாலும் இடது முழங்கால், கீழ்முதுகு. நிறுத்தத்துக்கு நிறுத்தம் கிளட்ச்சை மிதிப்பது இடது கால். கியர் மாற்ற உடம்பு இடப்பக்கம் சாய்கிறது. முதுகுக்கு முட்டுக் கொடுக்க ஒரு துண்டை நாலாக மடித்து வைத்திருப்பார்கள். அந்தத் துண்டு எந்த இடத்தில் கசங்கியிருக்கிறது என்று பார்த்தாலே வலி எங்கே என்று பாதி புரிந்துவிடும். "தினமும் நடக்கிறீங்களா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். விடியற்காலை முதல் வண்டிக்கு மூன்று மணிக்கு எழுந்தவரிடம் கேட்கிற கேள்வியா அது?

உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லது என்று இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கு முதல் வலுவான சான்று கிடைத்ததே ஒரு பேருந்துக் கழகத்தில்தான். ஜெரி மோரிஸ் என்ற பிரிட்டன் மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். ஒரே வண்டி, ஒரே சாலை, ஏறக்குறைய ஒரே வாழ்க்கைத்தரம். ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார், மற்றவர் டிக்கெட் கொடுக்க நாளுக்கு நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்கினார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது, வந்தாலும் உயிரிழப்பு குறைவு. மோரிஸ் அதோடு விடவில்லை. சீருடை தைத்த அளவுகளை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களுக்கு வேலையில் சேரும்போதே இடுப்பளவு அதிகம் என்று தெரிந்தது. படிகள் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது என்பதை அவரே எழுதிவைத்தார். பிறகு வந்த எத்தனையோ ஆய்வுகள் அடிப்படைச் செய்தியை உறுதிசெய்தன. அவர் 99 வயதுவரை இருந்தார் என்பது உபரித் தகவல்.

ஆனால் லண்டன் நடத்துநரை அப்படியே நம் நடத்துநராக நினைத்துவிடக் கூடாது. சென்னையில் ஓடிய மாடிப் பேருந்துகளும் போய்விட்டன. வெளியூர் போகும் மொஃபசல் வண்டியில் ஊர் தாண்டியதும் டிக்கெட் முடித்து, கணக்கு எழுதி, நடத்துநர் இருக்கையில் உட்கார்ந்துவிடுகிறார். டவுன் பஸ்ஸிலோ நெரிசலில் நகரவே முடியாமல், கம்பியில் சாய்ந்து ஒரு காலில் நிற்கிறார். இது உழைப்புதான், உடற்பயிற்சி ஆகாது. வீங்கிய கணுக்காலோடு வருபவரிடம் போய் "பத்தாயிரம் அடி நடங்கள்" என்றால் அடிக்க வருவார், நியாயமும் அவர் பக்கம்தான்.

பணிமனைத் தொழில்நுட்பப் பணியாளர் கதை வேறு. பள்ளத்தில் இறங்கி, கழுத்தை அண்ணாந்தபடி வண்டிக்கு அடியில் வேலை. டயர் பிரிவில் தூக்குவதும் உருட்டுவதும். "எங்களுக்கு எதுக்கு சார் எக்சர்சைஸ், நாள் பூரா அதுதானே" என்பார்கள். டென்மார்க் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதற்கு நேர்மாறு: ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடற்பயிற்சி தரும் பாதுகாப்பை, மணிக்கணக்கில் பாரம் தூக்கும் வேலை இதயத்துக்குத் தருவதில்லை. இடைவெளியில்லாமல் ரத்த அழுத்தம் ஏறியே இருப்பதை அவர்கள் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். இவர்களுக்குத் தண்டால் தேவையில்லை. கழுத்தையும் தோளையும் தளர்த்தும் பயிற்சி, கொஞ்சம் கைவீசி நடை, நடுவே உண்மையான ஓய்வு, இவ்வளவு போதும். நாள் முழுக்க நாற்காலியில் இருக்கும் டிப்போ அலுவலக எழுத்தருக்குத் தேவையானது இன்னொன்று, அதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் பெண் நடத்துநர்கள். கடைசி நிறுத்தத்தில் சுத்தமான கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் டியூட்டி பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் உடல்நலம் பற்றி நிர்வாகம் பேசத் தொடங்க வேண்டிய இடம் கழிப்பறைதான். சென்னையின் புதிய மின்சாரப் பேருந்துகளில் ஓட்டுநர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள், நடத்துநர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் ஆள். கிளட்ச் போய்விட்டது, முழங்காலுக்கு நல்ல செய்தி. ஆனால் நலத்திட்டம் என்று வரும்போது ஒரே வண்டியில் இருக்கும் இருவரில் ஒருவர் விடுபட்டுவிடக் கூடாது.

ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வேலை செய்யும் இடத்துக்கு ஒரே சுற்றறிக்கை, ஒரே பயிற்சி என்பது ஒத்துவராது என்பதற்காகத்தான் இத்தனையும் சொன்னேன். ஜூன் 21 அன்று யோகா தினம் கொண்டாடி, பாய் விரித்துப் படம் எடுப்பதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. 2023 நவம்பரில் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் உண்மையிலேயே நல்ல திட்டம், மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை கிடைத்தது. ஆனால் அந்தப் பாதையில் மற்றவர்கள் நடக்கும் காலை ஆறு மணிக்கு நம் ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருப்பார். அவருக்கு இல்லாதது நேரம், ஆர்வம் இல்லை.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒரு நாள் டியூட்டிக்குள், சம்பளத்தோடு, பதினைந்து நிமிடம் கொடுங்கள். மொத்தமாகக்கூட வேண்டாம், ஐந்தைந்தாகப் பிரித்துக் கொடுங்கள். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்த உலக சுகாதார நிறுவனம், 2020 வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் என்பது இலக்கு, அதில் ஒவ்வொரு நிமிடமும் சேரும் என்கிறது. பதினைந்து நிமிடம் அந்த இலக்கை எட்டாது, தெரியும். ஆனாலும் சும்மா இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

ஐந்து நிமிடத்தில் என்ன செய்ய முடியும்? பேருந்தின் படிக்கட்டே போதும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முன்பாதம் மட்டும் படியில் இருக்க, குதிகாலை மெல்லக் கீழே இறக்கி அரை நிமிடம் நிற்க வேண்டும். கெண்டைக்கால் இழுபடுவது தெரியும். பிறகு ஒரு காலைப் படியில் வைத்து, பின்காலை நீட்டி, இடுப்பை முன்னால் தள்ள வேண்டும். மணிக்கணக்கில் உட்கார்ந்து சுருங்கிய இடுப்பு மடிப்பு விரிய இதைவிட எளிய வழி கிடையாது. இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி முதுகைப் பின்பக்கம் வளைப்பது ஒன்று. டயரைத் தட்டிப் பார்க்க வண்டியைச் சுற்றி வருகிறார்களே, அந்தச் சுற்றை வேகமாக நான்கைந்து முறை நடந்தால் மூச்சும் கொஞ்சம் வாங்கும். வியர்த்து விறுவிறுத்து அடுத்த சிங்கிளுக்கு, அதாவது அடுத்த ஒருவழிப் பயணத்துக்கு, போகும் அளவுக்கு எதுவும் இல்லை. ஜப்பானில் 1928இல் வானொலியில் தொடங்கிய சில நிமிட உடற்பயிற்சியை இன்றும் பல தொழிற்கூடங்களில் வேலைக்கு முன் செய்கிறார்கள். அது நிலைத்ததற்கு, சீருடையோடு நின்ற இடத்திலேயே செய்ய முடிவதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இதற்குத் தடை எங்கே வரும் என்றும் சொல்லிவிடுகிறேன். வண்டிகளை நேரப்படி கிளப்பிவிடும் டைம் கீப்பரின் விசில். தாமதமாக வந்து சேர்ந்த வண்டியை உடனே திருப்பி அனுப்பும்போது முதலில் காணாமல் போவது ஓட்டுநரின் இடைவெளிதான், தேநீர்கூட இருக்கைக்கே வந்துவிடும். அதனால் அந்த ஐந்து நிமிடம் சுற்றறிக்கையில் இருந்தால் போதாது, கால அட்டவணையிலேயே இருக்க வேண்டும். பயண நேரம் நெரிசலுக்கு ஏற்ப எப்போது திருத்தப்பட்டது என்று தடம் தடமாகப் பாருங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய சாலைக்குப் போட்ட நேரத்தை இன்றைய சாலையில் ஓட்டச் சொன்னால், கடைசி நிறுத்தத்தில் எந்த மிச்சமும் இருக்காது.

இரண்டாவது தடை பயம். ரத்த அழுத்தம், சர்க்கரை என்று வெளியே தெரிந்தால் வண்டி ஓட்டாத மாற்றுப்பணிக்கு அனுப்பிவிடுவார்கள், படிப்பணம் போய்விடும் என்று மறைப்பவர்களைப் பார்க்கிறேன். பரிசோதனை முடிவு கிளை மேலாளர் மேசைக்குப் போகும் என்றால் எவரும் உண்மை சொல்ல மாட்டார். சாலையில் உடனடி ஆபத்து என்ற நிலை வேறு, மற்றபடி அது மருத்துவருக்கும் அவருக்கும் இடையில் இருக்கட்டும். எடையைத் தகவல் பலகையில் ஒட்டுவது, தொப்பைக்குப் போட்டி வைப்பது போன்ற வேடிக்கைகள் வேண்டவே வேண்டாம். செல்போனில் அடிகளை எண்ணிப் பரிசு தரும் யோசனையும் வரும். குலுங்கும் பேருந்தில் சட்டைப்பையில் இருக்கும் போன் உட்கார்ந்திருப்பவருக்கும் அடி எண்ணினாலும் எண்ணும்!

தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் கேன்டீன், ஓய்வறை, ஐந்து மணி நேர வேலைக்குப் பின் குறைந்தது அரை மணி நேர ஓய்வு என்றெல்லாம் வகுத்தது. அவை யாரும் தானாகத் தந்தவை அல்ல என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பஞ்சப்படிக்கும் ஓய்வூதிய நிலுவைக்கும் நீங்கள் போராடுவதன் நியாயம் புரிகிறது. அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சில் இந்தப் பதினைந்து நிமிடத்தையும் ஒரு வரியாகச் சேருங்கள். "காசு கேட்டால் உடற்பயிற்சி செய் என்கிறார்கள்" என்று இதை நிர்வாகத்தின் தந்திரமாக உங்கள் உறுப்பினர் நினைக்காமல் இருக்க, கோரிக்கை உங்களிடமிருந்து வருவதுதான் நல்லது.

முதலில் ஒரு டவுன் டிப்போ, ஒரு மொஃபசல் டிப்போ, ஒரு பணிமனை என்று மூன்று இடத்தில் ஆறு மாதம் செய்து பாருங்கள். தொடங்கும்போதும் முடியும்போதும் வலி, ரத்த அழுத்தம், மருத்துவ விடுப்பு நாட்கள் ஆகியவற்றைப் பெயர் இல்லாமல் குறித்து வையுங்கள். பலன் இல்லையென்றால் கைவிடலாம். ஒவ்வொரு டிப்போவிலும் கபடி ஆடியவர், சிலம்பம் தெரிந்தவர் என்று நாலு பேராவது இருப்பார்கள், அவர்களையே பயிற்றுநர் ஆக்கலாம். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் மாவட்டத்தில் நான் வருகிறேன். முதல் வண்டி கிளம்பும் நேரத்துக்கு வரச் சொன்னாலும் சரி.

இப்படிக்கு,
பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் இயன்முறை மருத்துவர்