பின்வளவு வேலையில் உள்ள குறைகள் பற்றிய முறைப்பாடு

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.
05.12.2023

முகாமையாளர் அவர்கட்கு,

அன்புடையீர்,

எங்கள் பின்வளவில் 30 அடிக்கு 20 அடி இடத்தில், ஆறேழு பேர் ஆறுதலாக இருந்து கதைக்கவும் சாப்பிடவும் ஓர் இடம் அமைத்துத் தருமாறு கடந்த ஆனி மாதம் தங்களிடம் கேட்டிருந்தேன். பேசிய 11 இலட்சம் ரூபாயையும் முழுமையாகச் செலுத்திவிட்டேன். ஆவணி முடிவில் வேலையை ஒப்படைத்தீர்கள். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் இன்றுவரை ஒரு மாலைப்பொழுதுகூட நாங்கள் அங்கே நிம்மதியாக இருந்ததில்லை.

முதலில் கிணற்றைப் பற்றிச் சொல்கிறேன். வெளிச் சமையல் மேடையில் பொருத்திய கழுவுதொட்டியின் கழிவுநீர்க் குழாயை, தங்கள் ஆட்கள் நிலத்துக்குக் கீழால் கொண்டுபோய்க் கிணற்றுக்கட்டிலிருந்து 12 அடி தூரத்தில் வெறும் மண்ணில் விட்டிருக்கிறார்கள். மீன் கழுவிய தண்ணீரும் எண்ணெயும் சவர்க்காரமும் மூன்று மாதமாக அங்கேதான் இறங்கியிருக்கின்றன. எங்கள் காலடியில் இருப்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது சரியாக வடிபடாமலே நிலத்தடி நீரில் போய்ச் சேர்ந்துவிடும். வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லாத இந்தக் குடாநாட்டில் கிணற்றைக் கெடுத்தால் வேறு எங்கே போவது? கடந்த வாரம் கிணற்றடியில் மண்ணைக் கொத்தியபோதுதான் குழாயின் வாய் எங்கள் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து குடிதண்ணீரை விலைக்கு வாங்குகிறோம்.

அடுத்தது தரை. வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுப்பது மேசன்மார் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இங்கே சரிவு குசினி வாசலை நோக்கி இருக்கிறது. எங்களுக்கு வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரைதான் பெய்கிறது. இந்த மழைக்கு வெள்ளம் இரண்டு முறை குசினிக்குள் வந்துவிட்டது. வடிந்த பிறகும் மூலையில் தேங்கி நிற்கிற தண்ணீரில் நுளம்பு பெருகுகிறது. மண் தெரியாமல் முழு இடத்துக்கும் மாபிள் பதித்ததனால் மழைநீர் நிலத்துக்குள் இறங்கவும் வழியில்லை. நாற்பது வருட வேப்பமரத்தின் அடியையும் விட்டுவைக்கவில்லை. மரத்தைச் சுற்றி நான்கு அடிக்கு மண் இருக்கட்டும் என்று நான் கேட்டதை மேற்பார்வையாளர் தம்பி தன் கொப்பியில் எழுதிக்கொண்டதைக் கண்ணால் கண்டேன்.

பதித்திருப்பதும் உள்வீட்டுக்குரிய மினுக்கிய மாபிள். கார்த்திகை விளக்கீட்டன்று மாலை கிணற்றடியில் விளக்கு வைக்கப் போன என் அம்மா அந்த ஈரத்தில் சறுக்கி விழுந்தார். அவருக்கு வயது 76. எலும்பு முறியாமல் தப்பியது கடவுள் செயல். கை வீக்கம் இன்னும் வற்றவில்லை. முற்றத்திலிருந்து ஏறுவதற்கு வைத்த ஒரே படியும் 10 அங்குல உயரம். பிடிக்க ஒரு கம்பியும் இல்லை. அந்த இடத்தை நான் அமைக்க விரும்பியதே அம்மா வேப்பங்காற்றில் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பதற்காகத்தான். இப்போது அவர் பின்கதவைத் திறக்கவே பயப்படுகிறார்.

வெயிலும் காற்றும் எந்தப் பக்கத்தால் வரும் என்று தங்கள் ஆட்கள் யாரும் கேட்கவில்லை. தெற்கே ஆறடி அலங்காரச் சுவர் எழுப்பியதால் சோளகக் காற்று உள்ளே வருவதில்லை. மேற்கே ஒரு தட்டிகூட இல்லாததால் பின்னேர வெயில் நேரே முகத்தில் அடிக்கிறது. மறைக்க வேண்டிய பக்கம் திறந்திருக்கிறது, திறக்க வேண்டிய பக்கம் மறைந்திருக்கிறது. மேலே போட்ட ஒளிபுகும் பிளாஸ்டிக் தகட்டின் கீழே புரட்டாதியில் பகல் முழுவதும் இருக்க முடியவில்லை. கிடுகுப் பந்தல் போட்டிருந்தால்கூட இதைவிடக் குளிர்ச்சியாக இருந்திருக்கும்.

இவற்றைத் தொலைபேசியில் மூன்று தடவை சொன்னேன். "படத்தில் உள்ளபடிதான் செய்தோம்" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. அந்தப் படத்தை எனக்குக் காட்டியபோது அதில் கிணறும் இல்லை, வேம்பும் இல்லை, குசினி வாசலும் இல்லை. காலை பத்து மணிக்கு வந்து கால் மணி நேரம் நின்று அளந்துபோனவர், பின்னேரம் ஒருமுறை வந்து பார்த்திருந்தால் பாதித் தவறு நடந்திருக்காது.

கழிவுநீர்க் குழாயை உடனே துண்டித்து, கிணற்றிலிருந்து வளவின் மறு எல்லைக்குக் கொண்டுபோக வேண்டும். கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி நீரைப் பரிசோதிக்கும் செலவையும் தாங்களே ஏற்கவேண்டும். தரையைக் கிளப்பிச் சரியான சரிவில் சொரசொரப்பான கல் பதித்து, வேம்பின் அடியைத் திறந்துவிட வேண்டும். படியை இரண்டாக்கிக் கைபிடி வைக்கவேண்டும். கூரையையும் சுவரையும் எப்படித் திருத்துவது என்பதை, பின்னேரம் நான்கு மணிக்கு நேரில் வந்து பார்த்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

குழாய் வேலையை மூன்று நாட்களுக்குள்ளும் மற்றவற்றை டிசம்பர் 31ஆம் திகதிக்கு முன்பும் தொடங்காவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிடுவேன். பற்றுச்சீட்டின் பிரதியும் 14 புகைப்படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. குழாயின் வாய் தெரிகிற படத்தைத் தயவுசெய்து முதலில் பாருங்கள்.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்