பிரேக்கை எடுத்துவிடும் மருந்து

சுங்கை சிப்புட்

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முட்டிவலிதான் விட்டபாடில்லை.

நோயோடு சண்டை போடும் வெள்ளணுவான டி செல்லைப் பற்றிப் போனில் நீ சொன்ன கதையை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் தோட்டத்துப் பிரட்டை வைத்துப் புரிந்துகொண்டேன். கிராணி பேர் கூப்பிட்டால் மட்டும் போதாது, எந்த நிரையில் வேலை என்று மேற்பார்க்கும் தண்டலும் காட்ட வேண்டும். டி செல்லின் மேலிருக்கும் ரிசெப்டர் என்ற ஏற்பி கிருமியின் துண்டை அடையாளம் கண்டால் அது பேர் கூப்பிட்ட மாதிரி. டி செல்லின் மேலேயே இருக்கும் சிடி28 போய், துண்டைக் காட்டும் செல்லின் மேலிருக்கும் பி7-ஐப் பிடித்தால் அது தண்டல் நிரை காட்டிய மாதிரி, அப்போதுதான் வேலை தொடங்கும். முதல் சைகை மட்டும் வந்தால் செல் முடங்கிவிடும், பிறகு கூப்பிட்டாலும் எழாது என்றாய். நம் ஆட்கள் அப்படியில்லை, மறுநாளும் வந்து நிற்பார்கள்!

பிரேக் விஷயம்தான் மனதில் தங்கியது. டி செல்லை அடக்கும் சிடிஎல்ஏ-4 என்ற பிரேக் அதே பி7-ஐ இன்னும் இறுக்கமாகப் பிடித்து சிடி28-க்கு இடமில்லாமல் செய்கிறது. பிடி-1 இன்னொரு பிரேக், அதைப் புற்றுநோயே மிதித்துக்கொள்கிறது. இவற்றைக் கண்டு புற்றுநோய் சிகிச்சைக்கு வழி காட்டியதற்குத்தான் விஞ்ஞானிகள் ஆலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் 2018-இல் நோபல் என்றாய். பக்கத்து வீட்டு அத்தையின் நுரையீரல் புற்றுநோய்க்கு ஈப்போவில் ஏற்றுவதும் பிடி-1-ஐத் தடுக்கும் மருந்துதான்.

நான்காவது முறை ஏற்றிய பிறகு அத்தைக்கு ஒரு நாளைக்கு ஆறேழு தடவை பேதி. பலாப்பழம் சாப்பிட்டதுதான் காரணம் என்று கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்த காலமென்றால் நானும் அதையேதான் கொடுத்திருப்பேன். பிரேக் இல்லாத டி செல் குடலையும் தைராய்டையும்கூடத் தாக்கலாம் என்று நீ சொன்னது சட்டென்று ஞாபகம் வந்தது. உடனே நர்சுக்குப் போன் போட்டேன். அன்றைக்கே வரச்சொல்லிப் படுக்கையில் சேர்த்து ஸ்டீராய்டு கொடுத்தார்கள். அடுத்த ஊசியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இப்போது கஞ்சி இறங்குகிறது.

சரி, ஒரு சந்தேகம். வேலை முடிந்த டி செல்லை ஃபாஸ் என்ற ரிசெப்டர் சாகச் சொல்லும், உள்ளே காஸ்பேஸ்-8 என்ற என்சைம் கிளம்பிச் செல்லைப் பக்குவமாகப் பிரித்துப் போடும் என்றாயே. அத்தையின் குடலில் புகுந்தவையும் அப்படித்தான் சாகுமா, இல்லை அங்கேயே ஒளிந்திருக்குமா? இங்கே யாரைக் கேட்பது?

மறுபடி அந்த மருந்தை ஏற்றுவார்களா என்று அத்தை தினமும் கேட்கிறார். டாக்டர்தான் முடிவு செய்வார் என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் உன் வாயால் கேட்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு போன் போடு.

அப்பா