பெயர், தேதி எல்லாம் நினைவிருந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நினைவு, சிந்தனைத் திறன்கள் மங்கும் டிமென்ஷியா பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அக்கறையோடு எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனால் மறதிதான் முதல் அறிகுறி என்று ஒரே வரியில் முடித்துவிட்டது உறுத்துகிறது. அதில் ஒரு வகையான அல்சைமருக்கு அது பெரும்பாலும் சரி. மூளையின் ரத்தக் குழாய்கள் பழுதாகி வரும் வாஸ்குலர் டிமென்ஷியாவில் கதை பல நேரம் வேறு மாதிரி தொடங்கும்.

என் அப்பாவுக்குப் பேரப்பிள்ளைகளின் பெயர், கிழமை, தேதி எல்லாம் நினைவிருந்தது. ஆனால் மாத்திரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். முதலில் பார்த்த மருத்துவமனையில் வழக்கமான 30 மதிப்பெண் கேள்வித்தாளை வைத்துச் சோதித்தார்கள். 27 எடுத்தார். “ஒன்றும் இல்லை, வயசுதான்” என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்தவர் அல்சைமர் என்றார். மூன்றாமவர்தான் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, எங்களுக்கே தெரியாமல் வந்துபோன சின்னச் சின்னப் பக்கவாதங்களின் தழும்புகளைக் காட்டினார். அதற்குள் இரண்டு வருடம் போயிருந்தது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். மருத்துவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது; அவர்கள் கையில் இருந்த விதிகளே ஒத்துப்போகவில்லை. 1993-இல் வந்த, நெடுங்காலம் ஆராய்ச்சிகளில் கோலோச்சிய வரையறை, நினைவாற்றல் குறைந்திருந்தே ஆக வேண்டும் என்றது. அல்சைமருக்குத் தைத்த சட்டையை இந்த நோய்க்கும் மாட்டிவிட்ட மாதிரி. ஒரே நோயாளி ஒரு வரையறைப்படி வாஸ்குலர் டிமென்ஷியா, இன்னொன்றின்படி அது இல்லை.

இதைச் சரிசெய்யப் பல நாட்டு நிபுணர்கள் டெல்ஃபி முறையில் கூடினார்கள். கூடினார்கள் என்பதுகூடச் சரியில்லை. இந்த முறையில் யார் என்ன சொன்னார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. பதில்களைத் தொகுத்து எல்லோருக்கும் திருப்பி அனுப்புவார்கள், மறுபடி வாக்களிப்பார்கள். பெரிய பேராசிரியரின் குரலுக்கு மற்றவர்கள் அடங்கிப்போகும் பேச்சு இதில் இல்லை. அதுவே எனக்குப் பிடித்தது.

2017, 2018-இல் வெளியான அந்த முடிவுகளில், நினைவாற்றல் குறைந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. திட்டமிடுதல், கவனம், மொழி, நினைவு போன்றவற்றில் ஏதாவது ஒன்று கணிசமாகக் குறைந்து, அன்றாட வேலைகள் பாதிக்கப்பட்டால் போதும். பக்கவாதம் வந்து 6 மாதத்துக்குள் தொடங்கி, மீளாமல் நிற்கும் சரிவைத் தனி வகையாகப் பிரித்தார்கள். அல்சைமரும் சேர்ந்திருந்தால், எதன் பங்கு அதிகமோ அதன் பெயரை முதலில் எழுத வேண்டும். எம்.ஆர்.ஐ.தான் உரைகல், அது இல்லாமல் சி.டி. ஸ்கேன் மட்டும் இருந்தால், அநேகமாக இந்த நோய் என்றுதான் சொல்லலாம், உறுதியாகச் சொல்லக்கூடாது. கையில் இருக்கும் ஆதாரத்தின் அளவுக்குத்தான் வார்த்தையும் இருக்க வேண்டும் என்ற இந்த ஒழுங்கு எங்களிடம் பேசிய முதல் இருவரிடமும் இல்லை.

நிபுணர்களின் வாக்கெடுப்பு உண்மைக்கு ஈடாகாது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆளுக்கொரு வரையறை வைத்துக்கொண்டு செய்யும் ஆய்வுகளை எப்படிச் சேர்த்துப் பார்ப்பது? வீட்டில் இருப்பவர்களுக்கு அதைவிட நேரடியான காரணம் உண்டு. வாஸ்குலர் என்று தெரிந்துவிட்டால் ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத் துடிப்பு ஆகியவற்றைக் கவனித்து, அடுத்த பக்கவாதத்தைத் தடுக்கப் பார்க்கலாம். அப்பாவின் ரத்த அழுத்தத்தை அந்த இரண்டு வருடமும் நாங்கள் மேலோட்டமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த முறை இந்தப் பொருளில் கட்டுரை வந்தால், சிந்தனை மந்தமாவது, நடை தடுமாறுவது, பழகிய வேலையின் வரிசை குழம்புவது ஆகியவற்றையும் அறிகுறிகளாக எழுதச் சொல்லுங்கள். திட்டமிடும் திறனையும் சோதிக்கும் மோகா போன்ற தேர்வுகள் இருப்பதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்