மாட்டை விட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்: கொள்முதல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கொள்முதல் குழுத் தலைவர் ஐயா அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில், தொங்காட்டுக்கு மேற்கே, கரும்பு விட்டுப்போன மேட்டு நிலத்தில் 34 மாடுகளை வைத்துப் பிழைக்கும், நம் மாடு வளர்ப்போர் சங்கத்தின் உறுப்பினன் எழுதும் மடல் இது. இதே பொருள் பற்றி ஆங்கிலத்தில் இருமுறை எழுதினேன், பதில் வரவில்லை. குழுவிலுள்ள பெரியவர்கள் ஒவ்வொரு பொங்கல் மேடையிலும் இந்த மண்ணில் தமிழ் வாழ வேண்டும் என்று பேசக் கேட்டிருக்கிறேன். ஆகவே இம்முறை தமிழில் எழுதுகிறேன். படிப்பதற்கு யாராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கைதான்.

சங்கத்தின் பொதுப் பயன்பாட்டுக்கு இரண்டாவது கிரஷ் ஒன்றும், அதாவது ஊசி போடவும் சோதிக்கவும் மாட்டை அசையாமல் பிடித்து நிறுத்தும் இரும்புக் கூண்டு ஒன்றும், அதற்கான இரும்புத் தட்டிகளும் வாங்கத் தீர்மானம் ஆகியிருப்பதாக அறிந்தேன். முதலாவது எப்படி வந்தது, யாரைக் கேட்டு வந்தது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதைக் கிளறப் போவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். பணம் கட்டுவதற்கு முன், விற்பவர் அந்தக் கிரஷை நம்மில் ஒருவருடைய கிராலுக்கு, அதாவது மாட்டுப் பட்டிக்கு, கொண்டுவந்து நிறுத்தட்டும். நம் மாடுகளை அதற்குள் விட்டுப் பாருங்கள். அதன் பிறகு வாங்குங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சென்ற மாதம் என் கிடாரிகளை வாங்க ஒப்புக்கொண்டவர், மந்தை முழுவதற்கும் காசநோய்ச் சோதனைச் சான்று கேட்டார். அந்தச் சோதனையில் மாட்டை இருமுறை பிடித்தாக வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். முதல் நாள் கழுத்துத் தோலில் மருந்தை ஏற்றுவார்கள். 72 மணி நேரம் கழித்து அதே இடத்தைத் தடவி, தடிப்பை அளந்து பார்ப்பார்கள். இரண்டாம் முறை பிடிபடாத மாட்டுக்கு முதல் நாள் போட்ட ஊசி வீண். சங்கத்தின் கிரஷை பாக்கி என்னும் சிறு சரக்கு வண்டியின் பின்னால் கட்டி இழுத்து வந்து, முந்தைய நாள் மாலையே நிறுத்தினோம்.

முதல் நாள் காலை பாதி மாடுகள் எப்படியோ கடந்துவிட்டன. பிறகு புள்ளிக்காரி வந்தாள். ஒன்பது வயதுப் பசு, நுகுனி என்னும் இந்த மண்ணின் நாட்டு இனம். வெளியே விரிந்து மேலே வளைந்த கொம்புகள். எட்டு ஈற்றுக்குத் தாய். நம் கிரஷின் கழுத்துப் பிடி கொம்பில்லாத மாட்டுக்காகச் செய்தது. அது முழுதாகத் திறந்தாலும் அவள் தலையைச் சாய்த்தால்தான் நுழைய முடியும். சாய்த்து நுழைத்துவிட்டாள். எங்கள் மாடுகளை இருபது ஆண்டாக மேய்க்கும் ஜூலுப் பெரியவர், நாங்கள் பாபா என்று அழைப்பவர், நெம்புகோலை இழுத்தார். கழுத்தில் அழுத்தம் பட்டதும் அவள் பின்வாங்கினாள். இடக்கொம்பு குழாய்க்கும் தட்டிக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. பிடியைத் தளர்த்தும் கொக்கி மறுபக்கத்தில் இருக்கிறது. பாபா கிரஷின் முன்புறமாகச் சுற்றி ஓடி அதைத் தட்டுவதற்குள், காய்ந்த மரக்கிளை முறிவது போல ஓர் ஓசை கேட்டது. கொம்பு அடியோடு முறிந்து தோலில் தொங்கியது. அந்த இரத்தம் குழாயில் வழிந்து, பின்னால் வரிசையில் நின்றவற்றின் மூக்குக்கு எதிரே மண்ணில் சொட்டியது.

72 மணி நேரம் கழித்து, நான்காம் நாள் என்ன நடந்திருக்கும் என்பதை மாடு வளர்க்கும் எவரும் ஊகிக்கலாம். விடியலிலிருந்து நண்பகல் வரை ஓட்டியும் 11 மாடுகள் அந்த ஒடுக்கப் பாதைக்குள் கால் வைக்கவில்லை. மாடு அடிபட்ட இடத்தை மறப்பதில்லை. சோதனைக்கு வந்த கால்நடைத் துறை ஊழியர் பொறுமையாகவே காத்திருந்தார். அவருக்கு இன்னும் மூன்று இடங்கள் இருந்தன, போய்விட்டார். அவர் மேல் எனக்குக் குறையில்லை. மந்தைச் சோதனை முழுமை பெறவில்லை. ஒருமுறை மருந்து ஏற்றிய மாட்டை உடனே மறுபடி சோதிக்கவும் முடியாது, மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடாரி கேட்டவர் வேறு பக்கம் போய்விட்டார். புள்ளிக்காரியின் நெற்றியில் ஈ மொய்க்காமல் இருக்க இன்றைக்கும் காலையும் மாலையும் மருந்து தடவுகிறோம்.

கிரஷ் திறப்பு விழா நடந்த அன்று நானும் வந்திருந்தேன். மாலை போட்டீர்கள், நாடா வெட்டினீர்கள், சமோசாவும் நன்றாகவே இருந்தது. அன்று அதற்குள் நுழைந்து பார்த்த ஒரே உயிர், புகைப்படத்துக்காகக் கழுத்துப் பிடியில் தலையை நீட்டிச் சிரித்த நம் செயலாளர் ஐயாதான். அவருக்குக் கொம்பு இல்லாததால் குறை ஒன்றும் தென்படவில்லை. கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி எடுப்பதென்றால் மூன்று பேர் போய்ப் பாடவிட்டுக் கேட்டுத்தான் எடுக்கிறோம். சங்கத்தின் நான்காண்டுச் சந்தாவைப் போட்டு வாங்கும் பொருளுக்கு ஒரு கன்றைக்கூட விட்டுப் பார்க்கவில்லையே! பொறுத்தருள வேண்டும், பொருளுக்கு வருகிறேன்.

நம் வட்டாரத்தில் பெரும்பாலும் நுகுனியும் நுகுனிக் கலப்பும்தான். வளர்ந்த நுகுனிப் பசு 300 முதல் 400 கிலோ வரை இருக்கும். விலைப்பட்டியலில் படம் போட்டிருக்கும் கிரஷ்கள் அதைப்போல இரு மடங்கு எடையுள்ள மாடுகளை மனத்தில் வைத்துச் செய்தவை. இப்போதுள்ளதன் உள் அகலம் 75 சென்டிமீட்டர். அதைக் குறைக்க வழியில்லை. 1984-ஆம் ஆண்டின் விலங்கு நோய்கள் சட்டப்படி, கிடாரிக் கன்றுகளுக்கு நான்கு மாதத்துக்கும் எட்டு மாதத்துக்கும் இடையில் கன்றுவீச்சு நோய்த் தடுப்பூசி போட்டாக வேண்டும். ஐந்து மாதக் கன்று அந்த 75 சென்டிமீட்டருக்குள் சர்வ சாதாரணமாகத் திரும்பி நின்று, பின்னால் வரும் தாயை முட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத் தட்டியை உள்ளே தள்ளி அகலத்தைக் குறைக்கும் வசதி இல்லாத கிரஷ், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், நமக்கு வேண்டாம். பிடியைத் திறக்கும் கொக்கி இரு பக்கத்திலும் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இரும்பைப் பற்றியும் ஒரு சொல். நாம் கடற்காற்று எட்டும் தூரத்தில் இருக்கிறோம். பச்சைப் பெயின்ட் அடித்து வந்த முதல் கிரஷின் அடிக்குழாயில் இப்போது விரலால் குத்தினால் செதில் உதிர்கிறது. சாணமும் மூத்திரமும் தேங்கும் இடத்திலிருந்துதான் துரு ஏறியது. பற்றவைப்பு வேலை முடிந்த பிறகு, ஏறத்தாழ 450 பாகை செல்சியஸ் சூட்டில் உருகிய துத்தநாகத்தில் முழுத் தட்டியையும் அமிழ்த்தி எடுத்ததாக இருக்க வேண்டும். விற்பவர் எல்லோருமே ‘கால்வனைஸ்’ என்றுதான் சொல்வார்கள். ஐயப்பட்டால் குழாயின் முனைகளைப் பாருங்கள்: அமிழ்த்தி எடுத்ததென்றால் காற்றும் துத்தநாகமும் வெளியேறச் சிறு துளைகள் இருக்கும். துளையே இல்லாமல், பற்றவைத்த இடங்களில் மட்டும் வெள்ளிப் பெயின்ட் பூசியிருந்தால், பூச்சுள்ள குழாயை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். துரு அந்த ஒட்டிலிருந்தே தொடங்கும்.

கடையில் நிற்கும் கிரஷ் ஓசை எழுப்பாது. மாடு உள்ளே போய்க் கதவு அறையும்போதுதான் அதன் குரல் தெரியும். கூர்மையான ஓசை மனிதரைவிட மாட்டை அதிகம் வதைக்கும். கதவுச் சட்டத்தில் ரப்பர் பட்டை வைத்திருக்கிறார்களா, ஒடுக்கப் பாதையின் கடைசிப் பகுதியில் ஆள் நிற்பது மாட்டுக்குத் தெரியாதபடி தகடு அடித்திருக்கிறார்களா என்பதெல்லாம் விலைப்பட்டியலில் ஒரு வரியாக இருக்கும். மாட்டை விட்டுப் பார்க்கும்போது அந்த ஒரு வரிதான் வேலை ஒரு மணி நேரத்தில் முடியுமா, ஒரு நாள் ஆகுமா என்பதைத் தீர்மானிக்கும்.

குழுவில் ஒருவர் மோட்டாரில் இயங்கும் ஹைட்ராலிக் கிரஷைப் பரிந்துரைப்பதாகக் கேள்விப்பட்டேன். 2023-இல் நாளுக்கு எத்தனை மணி நேரம் மின்சாரம் இல்லாமல் உட்கார்ந்திருந்தோம் என்பதை அன்னார் அதற்குள் மறந்திருக்க மாட்டார். என் கிராலில் மின் இணைப்பே இல்லை; என்னைப் போன்றவர்களே சங்கத்தில் பாதிக்கு மேல். கையால் இழுக்கும் நெம்புகோல் போதும் ஐயா.

கோமாரி நோய் 2021-இல் நம் க்வாசுலு-நட்டால் மாகாணத்தில் புகுந்தது முதல் நாம் படும் பாட்டைப் புதிதாக விவரிக்க வேண்டியதில்லை. 2022 ஆகஸ்டில் நாடு முழுவதும் 21 நாள் மாடுகளை நகர்த்தத் தடை வந்தபோது விற்கவும் முடியாமல் வாங்கவும் முடியாமல் நின்றோம். ஒரே கிரஷ் பட்டி பட்டியாகச் சுற்றும்போது, அதன் மூலையில் ஒட்டிய சாணமும் கூடவே சுற்றுகிறது. ஆகவே புதியதை வாங்கும்போது, மடிப்பும் பொந்தும் இல்லாமல் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவிக் கிருமிநாசினி தெளிக்கக்கூடிய அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். நான் கிரஷைத்தான் கிராலுக்குக் கொண்டுவரச் சொல்கிறேன், மாடுகளைக் கடைக்கு ஓட்டிப் போகச் சொல்லவில்லை. அதற்கும் இதுவே காரணம்.

விற்பவர் மறுப்பார் என்று நீங்கள் சொல்லக்கூடும். இரும்பு முளை செருகிச் சேர்க்கும் தட்டிகள்தாமே. நான்கு ஆள் இருந்தால் ஒரு காலையில் நிறுத்திவிடலாம். ஏற்றி வரும் வண்டிச் செலவை நான் தருகிறேன், ஆட்களுக்குச் சாப்பாடும் என் வீட்டில். தம் பொருளை மாட்டோடு சேர்த்துக் காட்டத் தயங்குகிறவரிடம் சங்கப் பணத்தைக் கொடுப்பதா என்பதைக் குழுவே முடிவு செய்யட்டும்.

மறுபடியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: மாட்டை விட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, ஒரு சனிக்கிழமையைக் குறித்துச் சொல்லுங்கள். கன்று ஒன்று, பொலிகாளை ஒன்று, கொம்புள்ள பசுக்கள் நான்கு ஆகியவற்றைக் கிராலில் அடைத்து வைத்திருப்பேன். புள்ளிக்காரியை மட்டும் அன்று மேய்ச்சலுக்கு அனுப்பிவிடுவேன். அதற்காக என்னை மன்னிக்க வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
சங்க உறுப்பினன்