கடைசிப் பக்கம் வரை கேட்டு வாங்கு

அன்புள்ள பாப்பா,

முழங்காலுக்கு ஐஸ் வைக்கிறாயா? கொஞ்ச நாளாகப் போனே இல்லை. படப்பிடிப்பு நெருக்கடியாக இருக்கும் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அண்ணன் மகள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். சரி, அதை அப்புறம் எழுதுகிறேன்.

போன தடவை பேசியபோது இந்தியச் சண்டைக்காரி வேடம் என்று எவ்வளவு ஆசையாகச் சொன்னாய்! அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை. நானும் துருவிக் கேட்கப் போவதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் உன் பாத்திரம் கதையில் எதுவரை வருகிறது என்று மட்டும் கேட்டு வாங்கு.

தாத்தா கேசட்டில் போட்டுக் காட்டுவாரே, பறக்கும் கில்லட்டின் படம், குங்ஃபூ நடிகர் ஜிம்மி வாங் யூ 1976-இல் எடுத்தது. சண்டைப் போட்டிக்குத் தாய்லாந்துக்காரர், ஜப்பான்காரர் என்று பல நாட்டார் வருவார்கள். இந்தியாவின் பெயரால் ஒரு யோகி வருவார். கை பாம்புபோல நீண்டுகொண்டே போகும். நடித்தவர் சீனர், உடம்பெல்லாம் சாயம் பூசியிருப்பார்கள். நம் ஆட்கள் சினிமாவுக்குப் புதிதா என்ன? சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் ஸ்டுடியோவில் 1950-களிலேயே நம் எல். கிருஷ்ணன் மலாய்ப் படங்களை இயக்கினார். 1956-இல் 'ஹாங் துவா'வை எடுத்தவர் பானி மஜூம்தார், வங்காளி. கேமராவுக்குப் பின்னால் நம்மவர்களை நம்பினார்கள். சண்டைக்காரன் வேண்டும் என்றபோதோ சாயம்தான் போதுமானதாக இருந்திருக்கிறது.

புரூஸ் லீயின் 'என்டர் தி டிராகன்' படத்தில் வில்லியம்ஸாக வரும் ஜிம் கெல்லி நிஜமாகவே கராத்தே சாம்பியன். கறுப்பினத்தவர் ஒருவர் அப்படித் தலை நிமிர்ந்து நடந்துவருவதை 1973-இல் உலகமே பார்த்தது. ஆனால் பாதிப் படத்திலேயே வில்லன் ஹான் அவரைக் கொன்று தொங்கவிடுகிறான். வெள்ளைக்காரரான ரோப்பர் கடைசிவரை உயிரோடு இருக்கிறார். புரூஸ் லீயின் தங்கையாக வரும் ஏஞ்சலா மாவ், அத்தனை பேரை அடித்துப்போட்ட பிறகு கண்ணாடித் துண்டால் தன்னையே குத்திக்கொண்டு சாக வேண்டியிருக்கிறது. இரண்டு பேருமே தனியாகப் படம் தூக்கி நிறுத்தக்கூடியவர்கள், பாப்பா. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், எதுவரை என்று கேள்.

நல்லபடியாகவும் செய்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. 'கேம் ஆஃப் டெத்' படத்துக்காக 1972-இல் எடுத்த காட்சிகளில் லீ மோதும் கடைசி ஆள் கரீம் அப்துல் ஜப்பார், அமெரிக்கக் கறுப்பினக் கூடைப்பந்து வீரர். லீயிடமே பயிற்சி எடுத்தவர். அவருடைய ஏழடி உயரத்துக்கு முன்னால் லீ திணறுவதை ஒளிக்காமல் காட்டியிருப்பார்கள்.

பெண்கள் விஷயத்தில் அந்தக் காலத்து ஹாங்காங் சண்டைப் படங்களை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1966-இல் 'கம் டிரிங்க் வித் மீ' படத்தில் இயக்குநர் கிங் ஹூ, நடிகை செங் பெய்பெய் கையில் இரண்டு குத்துவாளைக் கொடுத்துக் கதையையே அவர் மேல் ஏற்றினார். விடுதியில் சுற்றிலும் முரடர்கள், அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார். நடனம் பயின்ற உடம்பு அது, அசையாமல் இருக்கும்போதே தெரியும். சிலம்பத்துக்கு நிற்கும்போது உனக்கும் அந்த நிற்பு உண்டு. எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தி இந்த வேலைக்குப் போயிருக்கிறாள் என்று கோயிலில் எல்லோரிடமும் சொல்கிறேன்.

அதற்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நம் மலேசிய ஈப்போப் பெண் மிஷெல் யோவே, ஹாங்காங் இயக்குநர் ஆன் ஹுய்யின் 1996 படத்துக்காகப் பாலத்திலிருந்து குதித்து முதுகில் பலத்த அடி பட்டுக் கிடந்தார். அவ்வளவு பெரிய நட்சத்திரத்துக்கே அந்தக் கதி. இத்தனைக்கும் அது ஸ்டண்ட் பெண்ணைப் பற்றிய படம். நீயோ வலிக்கிறது என்று வாய் திறக்க மாட்டாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். காப்புறுதி எழுத்தில் இருக்கிறதா என்று பார். ஐஸ் வை.

வேடத்தை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு உன்னை அவளுக்கு டூப் போடச் சொல்லியிருந்தால், அதில் மறைக்க ஒன்றுமில்லை. டூப் வேலை கௌரவமான வேலை. ஆனால் அவளுக்குச் சாயம் பூசி, அடி வாங்குவதற்கு மட்டும் உன்னை நிறுத்துகிறார்கள் என்றால் முடியாது என்று சொல்லிவிட்டு வா. வாடகைப் பணத்தை அப்பா அனுப்புவார். என்னிடமும் கொஞ்சம் வெள்ளி இருக்கிறது.

தீபாவளிக்கு டிக்கெட் எடுக்க அண்ணன் தேதி கேட்கிறான். ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை, போன் போட்டுச் சொல்.

அன்புடன்,
அம்மா