கான்ஃபிக் கோப்புகள் குறித்து ஒரு பழைய நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். புதிய வலைச் செயலிக்கு நீயே பொறுப்பேற்றிருப்பது மிக நல்ல செய்தி. நானும் இங்கே பழைய செயலி ஒன்றின் கான்ஃபிக் கோப்புகளை, அதாவது தரவுத்தள முகவரி, சாவி போன்று சூழலுக்கேற்ப மாறும் மதிப்புகள் உள்ள கோப்புகளை, ஒழுங்குபடுத்தும் வேலையில்தான் இருக்கிறேன். ஆகவே நிரல் எழுதும் டெவலப்மென்ட், வெளியிடுமுன் சோதிக்கும் ஸ்டேஜிங், பயனர்கள் வரும் புரொடக்ஷன் என ஒவ்வொரு சூழலுக்கும் ஒரு கோப்பு வைத்து, நிரலை ஓடும் வடிவில் தொகுக்கும் பில்ட் வேலையின்போதே உரியதை உள்ளே சேர்த்துவிடலாமா என்று நீ கேட்டதற்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சர்வரில் ஓடும் பகுதிக்கு அந்த முறை வேண்டாம் என்பதே என் கருத்து. சூழலுக்கு ஒரு பில்ட் என்று ஆகிவிட்டால் ஸ்டேஜிங்கில் சோதித்துத் தேறியது ஒன்று, புரொடக்ஷனுக்குப் போவது வேறொன்று. இடையில் ஏதேனும் ஒரு லைப்ரரியின் பதிப்பு மாறியிருந்தால்கூட அந்தச் சோதனைக்குப் பொருளில்லை. செயலியும் அதற்குத் தேவையானவையும் அடங்கிய பொதியான ஒரே டாக்கர் இமேஜ் எல்லாச் சூழல்களுக்கும் போக வேண்டும். மாறும் மதிப்புகள் மட்டும் செயலி தொடங்கும் நேரத்தில் சூழல் மாறிகளாக, அதாவது இயங்குதளம் செயலிக்குக் கொடுக்கும் பெயர்–மதிப்பு இணைகளாக, வெளியிலிருந்து வர வேண்டும். ஹெரோக்கு என்ற கிளவுட் நிறுவனத்தில் பணியாற்றியவர்கள் தொகுத்த ‘ட்வெல்வ் ஃபேக்டர் ஆப்’ நெறிகளில் மூன்றாவது இதைத்தான் வலியுறுத்துகிறது. அதில் வரும் ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும்: நிரல் முழுவதையும் இந்த நிமிடமே ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டால், கடவுச்சொல்லோ சாவியோ அதனுடன் வெளியே போய்விடுமா? போகும் என்றால் கான்ஃபிக் இன்னும் நிரலுக்குள்தான் இருக்கிறது. சூழல்களின் பெயரால் மதிப்புகளைத் தொகுத்து வைப்பதையும் அந்நெறி ஏற்பதில்லை. நாளை டெமோவுக்கு ஒன்று, கியூஏ எனும் தரச் சோதனைக்கு ஒன்று எனக் கோப்புகள் பெருகும்போது, புதிதாகச் சேர்க்கும் மதிப்பு ஏதாவது ஒன்றில் விடுபட்டே தீரும்.

உங்கள் சொந்தக் கணினிகளில் சூழல் மாறிகளை எழுதிவைக்கும் டாட் என்வ் (.env) கோப்பு இருக்கட்டும். சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸின் 20.6 பதிப்பிலிருந்து அதைப் படிக்கத் தனி லைப்ரரிகூடத் தேவையில்லை. ஆனால் நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட்டில் (Git) அது ஏறக் கூடாது, டாக்கர் இமேஜுக்குள்ளும் போகக் கூடாது. விலக்க வேண்டியவற்றைப் பட்டியலிடும் இக்னோர் கோப்பு இரண்டுக்கும் உண்டு; அவற்றில் இதன் பெயரை முதல் நாளே சேர்த்துவிடு. மதிப்புகள் இல்லாமல் பெயர்களை மட்டும் கொண்ட மாதிரிக் கோப்பை கிட்டில் வைத்தால், புதிதாக வருபவருக்கு அதுவே வழிகாட்டும். யாரேனும் தவறுதலாக ஒரு சாவியை ஏற்றிவிட்டால், அடுத்த கமிட்டில் நீக்குவது போதாது. அது வரலாற்றில் அப்படியே கிடக்கும். அந்தச் சாவியையே ரத்து செய்து புதியது வாங்குவதுதான் சரி.

நீ மிகுந்த கவனம் வைக்க வேண்டிய இடம் இன்னொன்று. சூழல் மாறிகள் எல்லாமே வெறும் ஸ்ட்ரிங்குகள், அதாவது எழுத்துத் தொடர்கள். ஸ்டேஜிங்கிலிருந்து மின்னஞ்சல் போகக் கூடாது என்று உரிய மாறிக்கு ‘ஃபால்ஸ்’ என மதிப்புத் தருகிறாய் என்று வைத்துக்கொள். ஜாவாஸ்கிரிப்டில் காலியாக இல்லாத எந்த ஸ்ட்ரிங்கும் உண்மையாகவே கொள்ளப்படும் என்பதால், நிரல் அதை நேரடியாக ‘இஃப்’ நிபந்தனையில் வைத்தால் மின்னஞ்சல் போய்க்கொண்டேதான் இருக்கும். ஆகவே ஒரே ஒரு மாட்யூல் மட்டும் சூழல் மாறிகளைப் படித்து, எண்ணை எண்ணாகவும் உண்மை–பொய்யை உரிய வகையாகவும் மாற்றி, மற்ற எல்லாப் பகுதிகளுக்கும் வழங்கட்டும். ஒரு மதிப்பு இல்லையென்றால், அதன் பெயரைச் சொல்லிவிட்டுச் செயலி தொடக்கத்திலேயே நின்றுவிட வேண்டும். தரவுத்தள முகவரி இல்லாதபோது லோக்கல்ஹோஸ்ட்டை, அதாவது தான் ஓடும் கணினியையே, எடுத்துக்கொள்ளும் தாராள மனம் புரொடக்ஷனில் ஆபத்து. குறை வெளிப்படுவதற்குள் பயனர்கள் உள்ளே வந்திருப்பார்கள்.

பிரவுசரில் ஓடும் பகுதியின் கதை வேறு. அங்கே சூழல் மாறி என்று ஒன்று கிடையாது. வீட் (Vite) போன்ற பில்ட் கருவிகள், உரிய முன்னொட்டுள்ள மாறிகளின் மதிப்புகளைப் பில்ட் நேரத்தில் நிரலுக்குள்ளேயே எழுதிவிடுகின்றன. டெவலப்பர் டூல்ஸைத் திறந்து தேடுகிற எவரும் அவற்றைப் படிக்கலாம் என்பதால், கட்டணச் சேவையின் ரகசியச் சாவிக்கு அந்த முன்னொட்டைக் கொடுத்துவிடாதீர்கள் என்று உன் குழுவில் ஒவ்வொருவருக்கும் சொல்லிவை. இங்கும் ஒரே பில்ட் வேண்டுமென்றால், சர்வர் தரும் சிறிய ஜேசன் கோப்பைப் பக்கம் திறக்கும்போது படித்துக்கொள்ளச் செய்யலாம். ஒரு கோரிக்கை கூடுதலாகப் போகும். எனக்கு அது உறுத்தவில்லை.

இப்போது உன் கோப்புகளில் இருக்கும் மாறிகளின் பெயர்களை மட்டும், மதிப்புகளை அழித்துவிட்டு, எனக்கு அனுப்பிவை. எவை ரகசியம், எவை வெறும் முகவரி, எவை நிரலிலேயே இருந்துவிடலாம் என்று பிரித்துக் குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்